குடியிருப்புக் கட்டுமானத்தில் நிர்வாகத் தடைகள் (தமிழ்நாடு)

குடியிருப்புக் கட்டுமானத்தில் நிர்வாகத் தடைகள் என்பது, வீடுகளைக் கட்டி விற்கும் நிறுவனங்கள் நிலம் வாங்குவது முதல் வீட்டை ஒப்படைப்பது வரை அரசு அலுவலகங்களில் பெறவேண்டிய அனுமதிகளால் உண்டாகும் காலத்தாழ்வு, செலவு, நிச்சயமின்மை ஆகியவற்றைக் குறிக்கும். இவ்வனுமதிகளில் பெரும்பாலானவை பொதுமக்களின் பாதுகாப்பிற்காக ஏற்பட்டவை. எனினும் அவை பல துறைகளில் சிதறிக் கிடப்பதும், ஒன்று முடிந்த பின்னரே மற்றொன்று தொடங்குவதும் கட்டுநர்களுக்குத் தடைகளாக அமைகின்றன. இதன் சுமை இறுதியில் வீடு வாங்குவோரையே சென்றடைகிறது.

சட்டப் பின்னணி

தமிழ்நாட்டில் கட்டுமானங்களுக்கான திட்ட அனுமதி, தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 இன் கீழ் வழங்கப்படுகிறது. சென்னைப் பெருநகர்ப் பகுதியில் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும், மாநிலத்தின் ஏனைய பகுதிகளில் நகர் ஊரமைப்பு இயக்ககமும் இதற்குப் பொறுப்பானவை. சிறிய குடியிருப்புகளுக்கு உள்ளாட்சி அமைப்புகளே அனுமதி வழங்குகின்றன.

திட்ட அனுமதியும் கட்டட அனுமதியும் வெவ்வேறானவை. முன்னது நிலப் பயன்பாடு, கட்டடத்தின் உயரம், சாலையின் அகலம், சுற்றிலும் விடவேண்டிய இடைவெளி போன்றவற்றைப் பற்றியது. பின்னது உள்ளாட்சி அமைப்பால் வழங்கப்படுவது. பெரிய திட்டங்களுக்கு இரண்டும் தேவை.

ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த கட்டட விதிகள், தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 மூலம் மாநிலம் முழுவதற்கும் ஒன்றாக்கப்பட்டன. உயர்கட்டடம் அல்லாதவற்றிற்கான தளப் பரப்புக் குறியீடு (மனைப் பரப்பிற்கும் கட்டப்படும் மொத்தத் தளப் பரப்பிற்கும் உள்ள விகிதம்) இவ்விதிகளால் 2.0 ஆக உயர்த்தப்பட்டது. 18.30 மீட்டருக்கு மேற்பட்டவை உயர்கட்டடங்களாகக் கொள்ளப்பட்டன.

அனுமதியின் படிகள்

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புத் திட்டம் பொதுவாகப் பின்வரும் படிகளைக் கடக்க வேண்டியுள்ளது.

1. நில ஆவணங்கள்: மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம் ஆகியவை ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பத்திரத்தில் உள்ள பரப்பும் பட்டாவில் உள்ள பரப்பும் வேறுபட்டால் வருவாய்த் துறையில் திருத்தம் பெறவேண்டும்.
2. நிலப் பயன்பாடு: முழுமைத் திட்டத்தில் நிலம் வேளாண்மைக்கோ தொழிலுக்கோ ஒதுக்கப்பட்டிருந்தால், முதலில் நிலப் பயன்பாட்டு மாற்றம் பெறவேண்டும்.
3. தடையின்மைச் சான்றுகள்: கட்டடத்தின் உயரத்தையும் இருப்பிடத்தையும் பொறுத்துத் தீயணைப்புத் துறை, போக்குவரத்துக் காவல்துறை, இந்திய விமான நிலையங்கள் ஆணையம், நீர்வளத் துறை போன்றவற்றின் சான்றுகள் தேவைப்படும்.
4. சுற்றுச்சூழல் அனுமதி: கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், 2006 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி இவ்வனுமதி கட்டாயம்.
5. திறந்தவெளி ஒதுக்கீடு: பெரிய மனைகளில் 10 விழுக்காட்டு நிலம் பூங்கா போன்ற பொதுப் பயன்பாட்டிற்காகத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைக்கப்பட வேண்டும்.
6. ரெரா பதிவு: 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ 8 வீடுகளுக்கு மேலோ அமையும் திட்டங்கள், ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம், 2016 இன் கீழ்ப் பதிவு செய்யப்பட வேண்டும்.
7. பணி நிறைவுச் சான்று: கட்டடம் வரைபடப்படி கட்டப்பட்டுள்ளதா என ஆய்வு செய்து வழங்கப்படுவது. சிறிய வீடுகளுக்கு விலக்கு உண்டு. ஏனையவற்றிற்கு இச்சான்றின்றி மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகள் கிடைப்பதில்லை.

காலத்தாழ்வின் விலை

ரெரா சட்டத்தின்படி, பதிவு செய்யாமல் ஒரு திட்டத்தை விளம்பரப்படுத்தவோ முன்பணம் பெறவோ இயலாது. பதிவிற்குத் திட்ட அனுமதி தேவை. எனவே அனுமதி கிடைக்கும் வரையிலான காலம் முழுவதும் கட்டுநர் தம் பணத்தையோ கடனையோ நம்பியிருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 10 கோடி ரூபாய் கடனில் 12 விழுக்காடு ஆண்டு வட்டிக்கு நிலம் வாங்கி, 40 வீடுகள் கட்டத் திட்டமிடும் நிறுவனத்தைக் கொள்ளலாம். அனுமதி ஓராண்டு தாழ்ந்தால் வட்டி மட்டும் 1.20 கோடி ரூபாய் ஆகும். இது வீடு ஒன்றிற்கு 3 லட்சம் ரூபாய். ஒரு செங்கல்லும் வைக்கப்படாமலே வீட்டின் அடக்கவிலை இவ்வாறு உயர்கிறது. இத்தகைய சுமையைப் பெரிய நிறுவனங்கள் தாங்கிக்கொள்ளக்கூடும். குறைந்த விலை வீடுகளைக் கட்டும் சிறு நிறுவனங்களுக்கு அது கடினம்.

கட்டுமானம் தொடங்கிய பின்னும் இச்சிக்கல் நீடிக்கிறது. குறித்த நாளில் வீட்டை ஒப்படைக்காவிடில் கட்டுநர் வட்டி செலுத்த வேண்டும். வாங்குபவர் விரும்பினால் பணத்தையும் திருப்பித் தரவேண்டும். போர், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம் முதலிய இயற்கைப் பேரிடர்கள் தவிர்க்கவியலாக் காரணங்களாகச் சட்டத்தில் குறிப்பிடப்பட்டுள்ளன. அரசு அலுவலகத்தின் தாமதம் அப்பட்டியலில் இல்லை. கட்டுநரின் தவறு இல்லாத நேர்வுகளில், பதிவுக் காலத்தை மொத்தம் ஓராண்டு வரை நீட்டிக்க மட்டும் ஆணையத்திற்கு அதிகாரம் உண்டு.

விதிமீறலும் வரன்முறைப்படுத்தலும்

முறையான வழி நீண்டதாக இருக்கும்போது முறையற்ற வழி பெருகுகிறது. அனுமதிக்கு மாறாகக் கட்டப்பட்ட கட்டடங்களைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்துவதற்காக நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-அ பிரிவு சேர்க்கப்பட்டது. 28 பிப்ரவரி 1999 வரை கட்டப்பட்டவற்றிற்கு இது பொருந்தியது. ஒருமுறை மட்டுமே எடுக்கப்படும் நடவடிக்கை என்ற அடிப்படையில் உச்ச நீதிமன்றம் 2000 ஆம் ஆண்டு இதனை ஏற்றது. ஆயினும் பின்னரும் இத்தகைய திட்டங்கள் தொடர்ந்தன.

அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் செப்டம்பர் 2016 இல் தடை விதித்தது. அதனைத் தொடர்ந்து, 20 அக்டோபர் 2016 வரை உருவான மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகளை அரசு 2017 இல் வெளியிட்டது. வரன்முறைத் திட்டம் வரும் என்ற எதிர்பார்ப்பு விதிகளைப் பின்பற்றுவோருக்குப் பாதகமாக அமைகிறது. அவர்கள் காத்திருந்த காலத்திற்கு ஈடு ஏதும் இல்லை.

பாதுகாப்பு நோக்கு

அனுமதிகளைத் தடைகள் என்று மட்டும் கருதுவது பொருந்தாது. ஏரிகளும் சதுப்பு நிலங்களும் மனைகளானதன் விளைவு 2015 ஆம் ஆண்டுச் சென்னை வெள்ளத்தில் வெளிப்பட்டது. மறுபுறம், அனுமதி பெற்றதாலேயே ஒரு கட்டடம் பாதுகாப்பானது என்றும் கூறவியலாது. 28 சூன் 2014 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் உயிரிழந்தனர். அக்கட்டடம் திட்ட அனுமதி பெற்றிருந்தது. அதன் அருகில் இருந்த மற்றொரு கட்டடம் நவம்பர் 2016 இல் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. தாள்களின் எண்ணிக்கையை விட மண் ஆய்வும் கட்டமைப்பு ஆய்வும் களக் கண்காணிப்புமே முதன்மையானவை என்பதை இவ்விபத்து உணர்த்தியது.

சீர்திருத்தங்கள்

அனுமதி நடைமுறைகளை எளிமையாக்குவது குறித்து ஆராய தனேந்திர குமார் தலைமையில் நடுவண் அரசு அமைத்த குழு 2013 இல் அறிக்கை அளித்தது. காலவரையறைக்கு உட்பட்ட ஒற்றைச் சாளர முறையை அரசுக்குப் பரிந்துரைக்கும் கடமையை ரெரா சட்டத்தின் 32 ஆம் பிரிவு ஆணையத்திற்கு வழங்குகிறது.

உலக வங்கியின் தொழில் புரிதல் எளிமை அறிக்கையில், கட்டுமான அனுமதிகளில் இந்தியாவின் இடம் 2018 பதிப்பில் 181 ஆகவும், 2020 பதிப்பில் 27 ஆகவும் இருந்தது. எனினும் இவ்வறிக்கை மும்பை, தில்லி ஆகிய இரு நகரங்களில் ஒரு கிடங்கு கட்டுவதற்கான நடைமுறையையே அளவிட்டது. அடுக்குமாடி வீடுகளை அன்று. தரவுகளில் முறைகேடு கண்டறியப்பட்டதால் உலக வங்கி 2021 இல் இதனைக் கைவிட்டது.

தமிழ்நாட்டில் 22 சூலை 2024 அன்று சுயசான்று முறை தொடங்கப்பட்டது. இதன்படி 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர், முன் ஆய்வின்றி இணையவழியே உடனடியாக அனுமதி பெறலாம். தமக்கென வீடு கட்டுவோருக்கு இது பயனுள்ளது. பல துறைகளின் சான்றுகள் தேவைப்படும் அடுக்குமாடித் திட்டங்கள் இதன் வரம்பிற்குள் வருவதில்லை.