சோளிங்கர்ப் போரும் கடலின் கணக்கும்

சோளிங்கரை நாம் பெரும்பாலும் அதன் மலைக்கோயிலால் அறிவோம். யோக நரசிம்மர் வீற்றிருக்கும் பெரிய மலை, எதிரே யோக ஆஞ்சநேயரின் சின்ன மலை, கார்த்திகை மாதத்தில் நரசிம்மர் கண் திறந்து பார்ப்பதாக நிலவும் நம்பிக்கை. போர் வரலாறு படிப்போருக்கோ அவ்வூர் வேறொரு வகையில் அறிமுகம். 1781 செப்டம்பர் 27 அன்று மைசூரின் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி சர் அயர் கூட்டும் அங்கே மோதினார்கள். மதராஸ் படையின் பழைய பிரிவுகள் சில சோளிங்கர் என்ற பெயரைப் பிற்காலத்தில் போர் விருதாகத் தாங்கின.

அப்போரை நிலத்தில் மட்டுமே வைத்துப் படித்தால் ஒரு புதிர் எஞ்சி நிற்கிறது. வென்றவர் ஏன் துரத்திச் செல்லவில்லை? தோற்றவர் எப்படி அடுத்த ஓராண்டுக்கும் மேலாகக் கர்நாடகத்தை விட்டு அகலாமல் இருந்தார்? இவற்றுக்கான விடை போர்க்களத்தில் இல்லை. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் கிழக்கே, சோழமண்டலக் கடலில் வந்துபோய்க்கொண்டிருந்த போர்க்கப்பல்களில் இருக்கிறது.

1780 ஜூலையில் ஹைதர் கணவாய்களைக் கடந்து ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கினார். செப்டம்பர் 10 அன்று பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை முற்றாக அழிந்தது. நவம்பர் தொடக்கத்தில் ஆற்காடு வீழ்ந்தது. வேலூர்க் கோட்டை முற்றுகைக்குள் தவித்தது. உள்நாடு ஹைதரின் குதிரைப்படை வசமாயிற்று. ஆங்கிலேயரிடம் எஞ்சியவை சில கோட்டைகளும், அவற்றினும் முக்கியமாகக் கடலும்தான். கூட் சென்னைக்கு வந்து இறங்கியதே கடல்வழிதான். வங்காளத்திலிருந்து பணமும் வீரர்களும் அரிசியும் கப்பலில்தான் வந்தன.

ஹைதருக்கும் கப்பல்கள் இருந்தன. மேற்குக் கரையில் அவர் ஒரு கடற்படையைத் திரட்டி வைத்திருந்தார். 1780 டிசம்பரில் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் எட்வர்ட் ஹியூஸ் மங்களூரில் அவற்றை அழித்தார். அதன்பின் கடலில் ஹைதர் பிறர் கையை நம்பி நிற்க வேண்டியவரானார். அந்தப் பிறர், பிரெஞ்சுக்காரர்.

அக்காலத்துப் போர்க்கப்பல் எத்தகையது என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்பது நலம். ஹியூசின் தலைமைக் கப்பல் 'சூப்பர்ப்', பின்னர் வந்த பிரெஞ்சுத் தலைவர் சுஃப்ரானின் 'ஏரோ', இரண்டுமே எழுபத்துநான்கு பீரங்கிக் கப்பல்கள். இரண்டு தளங்களில் வரிசையாகப் பீரங்கிகள். கீழ்த்தளத்தில் பிரெஞ்சுக் கப்பல் சுமந்தவை 36 பவுண்டு குண்டு வீசுபவை. மாடுகளைப் பூட்டி வண்டல் மண்ணிலும் ஏரிக்கரையிலும் நிலப்படை இழுத்துச் சென்றவையோ பெரும்பாலும் 6 பவுண்டு, 12 பவுண்டு பீரங்கிகள். அப்படி ஒரு கப்பலில் அறுநூறு, எழுநூறு பேர் வாழ்ந்தார்கள். அது மிதக்கும் கோட்டை, அதனினும் பெரிதாக ஒரு மிதக்கும் களஞ்சியம். எதிரியின் அரிசிக் கப்பலை மறிக்கவும் தன் தரப்பு அரிசிக் கப்பலைக் காக்கவும் அதனால் இயலும். சோழமண்டலக் கரையில் அதன் உண்மையான வலிமை இதுவே.

1781 தொடக்கத்தில் இவ்வலிமை ஹைதரின் பக்கம் சாய்வதுபோல் இருந்தது. கூட் தெற்கே கடலூர்ப் பக்கம் வந்திருந்தார். நிலவழிகளை ஹைதர் அடைத்துவிட்டார். அவ்வேளையில் தோர்வ் என்பவரின் தலைமையில் ஒரு பிரெஞ்சுக் கப்பற்படை கரைக்கு வந்து கடல்வழியையும் அடைத்தது. ஹியூசின் கப்பல்கள் அப்போது மேற்குக் கரையில் இருந்தன. சில வாரங்கள் அப்படியே நின்றிருந்தால் கூட்டின் படை பசியால் சரணடைந்திருக்கக் கூடும். ஹைதர் மன்றாடியும் கேளாமல் தோர்வ் பிப்ரவரி 15 அன்று பாய் விரித்து மொரீசியசுக்குத் திரும்பினார். கடல் திறந்தது, அரிசி வந்தது. ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் கூட் ஹைதரை வென்றபோது, கரையோரம் நின்ற ஆங்கிலேயக் கப்பலின் குண்டுகளும் மைசூர்க் குதிரைப்படையைத் தாக்கின.

கடற்கரையில் இருந்தவரை கூட்டின் படைக்குச் சோறு இருந்தது. வேலூரை மீட்க உள்நாட்டுக்குள் நகர்ந்ததும் அந்தக் கொடி அறுந்தது. சோளிங்கர்ப் போர் நிகழ்ந்தது இந்த நிலையில்தான். கூட் முன்னேறித் தாக்கியபோது ஹைதரின் படை முழு ஆயத்தத்தில் இல்லை. பீரங்கிகளைக் காக்க ஹைதர் குதிரைப்படையை நேரே ஏவினார். இழப்பு மைசூருக்கே மிகுதி என்பதில் ஐயமில்லை. ஆயினும் பெரும்பாலான பீரங்கிகளோடு ஹைதர் விலகிச் சென்றார். கூட்டிடம் துரத்துவதற்கு வண்டிமாடும் இல்லை, வீரர்க்கு அரிசியும் இல்லை. வென்ற படை நெல் தேடி வடக்கே கார்வேட்டிநகரப் பாளையக்காரரின் சீமைக்குள் புகுந்தது. கப்பல் எட்டாத தொலைவில் பெற்ற வெற்றி இவ்வளவுதான் பெறும்.

அடுத்த அத்தியாயம் முழுவதும் கடலில். தோர்வ் 1782 பிப்ரவரியில் இறந்தார். அவருக்குப்பின் பொறுப்பேற்ற சுஃப்ரான் முற்றிலும் வேறு வார்ப்பு. 1782 பிப்ரவரி 17 அன்று சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் ஹியூசோடு முதல் மோதல். ஏப்ரலில் இலங்கையின் கிழக்குக் கரையில் இரண்டாவது, ஜூலையில் நாகப்பட்டினத்தில் மூன்றாவது, செப்டம்பரில் திருகோணமலையில் நான்காவது. நாகப்பட்டினப் போருக்குப்பின், ஜூலை இறுதியில், கடலூர் அருகே ஹைதரும் சுஃப்ரானும் நேரில் சந்தித்தார்கள். அரசர் ஒருவர், தம் ஆணைக்கு உட்படாத ஒரு மாலுமியைத் தம் விதிக்குத் துணை தேடி வரவேற்ற காட்சி அது.

சுஃப்ரானின் சிக்கல் இரண்டு. முதலாவது கப்பலின் அடிப்பாகம். வெப்பக் கடலில் மரத்தைத் துளைக்கும் புழுவும் ஒட்டிக்கொள்ளும் சிப்பியும் கப்பலின் வேகத்தைத் தின்றுவிடும். இதற்கு மருந்து செப்புத் தகடு வேய்வது. ஆங்கிலேயக் கப்பல்களில் அது பரவலாகிவிட்டது. பிரெஞ்சுக் கப்பல்களில் சிலவற்றுக்கே வாய்த்தது. ஆகவே ஓர் அணியாகச் செல்லவேண்டியவை வெவ்வேறு வேகத்தில் சென்றன. இரண்டாவது துறைமுகம். சோழமண்டலக் கரையில் அன்று பெரிய கப்பல் ஒதுங்க ஓரிடமும் இல்லை. சென்னையிலேயே கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட, மசூலாப் படகுகள் அலையைக் கடந்து சரக்கைக் கரை சேர்த்தன. முறிந்த பாய்மரத்துக்கு மாற்றாகச் சிறு கப்பல்களின் பாய்மரங்களைப் பிடுங்கி நட்டார் சுஃப்ரான். 1782 ஆகஸ்டு இறுதியில் திருகோணமலையை அவர் பறித்ததன் பொருள் இதுதான். அவர் கைப்பற்றியது ஒரு கோட்டை என்பதைவிடப் புயலிலிருந்து ஒதுங்கும் ஒரு மடி.

ஐப்பசியில் வாடைக்காற்று திரும்பியதும் இரு கடற்படைகளும் கரையை விட்டகன்றன. ஹியூஸ் பம்பாய்க்கும் சுஃப்ரான் சுமத்திராவின் அச்சேவுக்கும் போனார்கள். அக்டோபரில் சென்னைக் கரையில் வீசிய புயலில் அரிசிக் கப்பல்கள் நொறுங்கின. ஊருக்குள் ஏற்கெனவே சேர்ந்திருந்த அகதிகளும் ஏழைகளும் பட்டினியால் தெருக்களில் மடிந்தார்கள். டிசம்பர் 7 அன்று, சோளிங்கருக்கு வெகு தொலைவில் இல்லாத சித்தூர்ப் பகுதிப் பாசறையில் ஹைதரும் காலமானார். ஆங்கிலேயரை நிலத்தில் நசுக்கலாம், கடலை வற்றச்செய்ய முடியாதே என்ற பொருள்பட அவர் கூறியதாக ஒரு மரபு உண்டு. சொன்னாரோ இல்லையோ, அவர் போரின் சாரம் அதுவே.

1783இல் காட்சி தலைகீழானது. கூட் ஏப்ரலில் சென்னையில் இறந்தார். கடலூரை முற்றுகையிட்ட ஆங்கிலேயப் படைக்குக் கடலே உணவுக் கொடி. ஜூன் 20 அன்று பதினைந்து கப்பல்களோடு வந்த சுஃப்ரான், ஹியூசின் பதினெட்டுக் கப்பல்களை எதிர்த்து நின்றார். ஹியூசின் மாலுமிகள் ஸ்கர்வி நோயில் நலிந்திருந்தார்கள். அவர் சென்னைக்கு விலகினார், முற்றுகையிட்டோர் தாமே முற்றுகைக்கு ஆளாயினர். அந்த மாத இறுதியில் ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்ட செய்தி வந்து சேர்ந்தது. பிரெஞ்சுக்காரர் விலகிக்கொண்டார்கள். திப்பு தனித்து நின்று 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கை செய்தார். பதினாறு மாதங்களில் ஐந்து கடற்போர்கள். அவற்றில் எந்தத் தரப்பும் ஒரு பெருங்கப்பலைக்கூட எதிரியிடம் இழக்கவில்லை. ஆனால் எந்தப் படை உண்ணும், எது பட்டினி கிடக்கும் என்பதை அவையே நிர்ணயித்தன.

கப்பலில் வந்த அரிசி யாருக்காக வந்தது என்பதையும் நாம் கேட்டாக வேண்டும். அது சிப்பாய்க்கும் கோட்டைக்கும் வந்தது. பாலாற்றுக்கும் கார்வேட்டிநகரத்துக்கும் இடைப்பட்ட சிற்றூர்களின் நெல்லை, வந்த படையும் தின்றது, விலகிய படையும் தின்றது. எதிரிக்குக் கிடைக்கக்கூடாதென்று எரிக்கப்பட்டதும் உண்டு. விருதுப் பட்டியலில் ஊரின் பெயர் இருக்கிறது. ஊராரின் பெயர்கள் இல்லை.

திப்பு பாடத்தைக் கற்றுக்கொண்டார். 1796இல் தனிக் கடற்படைத் துறை வகுத்துப் போர்க்கப்பல்கள் கட்டத் திட்டமிட்டார். மூன்றே ஆண்டுகளில் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்தது.

இன்று சோளிங்கரிலிருந்து சிறிது தொலைவிலுள்ள அரக்கோணத்தில் ஒரு கடற்படைத் தளம் இருக்கிறது. 1992இல் தொடங்கப்பட்ட 'ராஜாளி'. அங்கே அலையும் இல்லை, நங்கூரமும் இல்லை. அங்கிருந்து எழும் நீண்டதூரக் கண்காணிப்பு விமானங்கள் வங்கக்கடலின் மேல் பறந்து கப்பல்களையும் நீர்மூழ்கிகளையும் தேடுகின்றன. 2017 வரை ருஷ்ய டியூ-142 விமானங்கள் அப்பணியைச் செய்தன, 2013 முதல் பி-8ஐ விமானங்கள் செய்துவருகின்றன. கடலைக் காணாத ஊருக்குக் கடற்படை எதற்கு என்று வியப்போர் உண்டு. 1781இல் இந்நிலத்தின் விதியை எழுதியவை, இங்கிருந்து ஒருவர் கண்ணுக்கும் தெரியாத பாய்மரங்கள்தாம். அதை அறிந்தவர்க்கு அந்த வியப்பு எழாது.