பைசாப் பத்திரிகையிலிருந்து கைப்பேசி வரை



1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து பண்டிதர் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். ஓராண்டில் அது ‘தமிழன்’ ஆயிற்று. 1914இல் மறையும்வரை அதை நடத்தினார். அவருக்கு முன்பே, 1893இல், இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கியிருந்தார். வசைச் சொல்லாக வீசப்பட்ட பெயரையே தலைப்பில் ஏற்றி ஊரறிய அச்சிட்டார். மராட்டியத்தில் 1920 ஜனவரி 31 அன்று அண்ணல் அம்பேத்கரின் ‘மூக்நாயக்’ வந்தது. கட்டணம் தருவதாகச் சொல்லியும் அதன் விளம்பரத்தை வெளியிடத் திலகர் நிறுவிய ‘கேசரி’ மறுத்தது. பேர்பெற்ற ஏடுகள் கதவை அடைத்ததால்தான் நம் முன்னோர் சொந்த ஏடு கண்டார்கள்.

அந்தக் கதவு பிறகாவது திறந்ததா? 1996இல் பத்திரிகையாளர் பி.என். உனியால் டெல்லியில் அங்கீகாரம் பெற்ற செய்தியாளர்களிடையே ஒரு தலித்தைத் தேடினார். ஒருவர்கூடக் கிடைக்கவில்லை என்பதையே கட்டுரையாக எழுதினார். 2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் நடத்திய ஆய்வு, ஊடகங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 ஆதிக்கச் சாதியினரிடம் இருப்பதைக் காட்டியது. தலித், பழங்குடியினர் ஒருவரும் அப்பொறுப்புகளில் இல்லை.

இந்தச் சுவரில்தான் இணையம் ஓட்டை போட்டது. 2006 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் கயர்லாஞ்சியில் போத்மாங்கே குடும்பத்தில் நால்வர் கொல்லப்பட்டனர். பெரிய ஊடகங்கள் வாரக்கணக்கில் அதைப் பொருட்படுத்தவில்லை. உண்மையறியும் குழுக்களின் அறிக்கைகளும் படங்களும் மின்னஞ்சலிலும் வலைப்பூக்களிலும் பரவின. மக்கள் தெருவில் இறங்கினர். அதன் பிறகே அது ‘தேசியச் செய்தி’ ஆயிற்று. 2011இல் ‘தலித் கேமரா’ யூடியூபில் தொடங்கியபோது, பாதிக்கப்பட்டவர் தம் சொல்லிலேயே முழுமையாகப் பேச இடம் கிடைத்தது. 2018இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நீர்த்துப்போகச் செய்தபோது, ஏப்ரல் 2 முழு அடைப்புக்கான அழைப்பைப் பெரிதும் கைப்பேசிகளே சுமந்தன. ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது.

ஆனால் இந்தக் கருவி நமக்கு மட்டும் கிடைத்ததல்ல. 2015இல் கோகுல்ராஜ் கொலை வழக்கில் தேடப்பட்டவர், தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளை வெளியிட்டார். 2016இல் உடுமலைப்பேட்டையில் சங்கர் வெட்டப்பட்ட காட்சி கண்காணிப்புக் கேமராவில் பதிவாகி நாடெங்கும் பரவியது. கொலையை மறைக்க முடியாமல் போனது உண்மை. அந்த இளைஞனின் சாவு மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்க்கும் காட்சியானதும் உண்மை.

இன்னொரு கேள்வியும் நம்மை உறுத்துகிறது. இன்று நாம் பதிவேற்றுபவை நாளை இருக்குமா? 1869இல் வந்த ‘சூரியோதயம்’ இன்று நமக்குப் பெரும்பாலும் பெயர்தான். ‘பறையன்’ இதழின் முழுத் தொகுதியும் நம் கையில் இல்லை. அன்பு பொன்னோவியம் போன்றோர் பழைய ‘தமிழன்’ பிரதிகளைக் கட்டிக் காத்தார்கள். அதனால்தான் 1999இல் ஞான. அலாய்சியஸ் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ தொகுப்பைக் கொண்டுவர முடிந்தது. எண்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு சிந்தனையாளர் நமக்குத் திரும்பக் கிடைத்தார் என்றால், காரணம் யாரோ ஒருவர் வீட்டுப் பெட்டியில் இருந்த தாள்கள்.

நமது காணொளிகளுக்கு அப்படி ஒரு பெட்டி இல்லை. அவை பிறர் வீட்டுத் திண்ணையில் இருக்கின்றன. நிறுவனம் ஒரு கணக்கை முடக்கினால், கூட்டாகப் புகாரளித்து ஒரு பதிவை நீக்க வைத்தால், வாக்குமூலம் ஒன்று அழிகிறது. வழக்கு பத்தாண்டு நடக்கும். பதிவு பத்து நாளில் கீழே போய்விடும்.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேலை வைக்கிறோம். வன்கொடுமைச் செய்தி ஒன்றைப் பகிரும்போது நாளையும் ஊரையும் வழக்கு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். காணொளியைத் தரவிறக்கி, இரண்டு இடங்களில் வையுங்கள். சொன்னவர் பேச்சை எழுத்தாக்கி, அவர் ஒப்புதலோடு அச்சிடுங்கள். நமது சிற்றிதழ்களுக்குச் சந்தா கட்டுங்கள். முன்னோர் ஏடு நடத்தியது அன்றைய செய்திக்காக மட்டுமல்ல, நாளைய சாட்சிக்காகவும்தான்.

ஜெய் பீம்.