மூன்று நிமிடப் பிரிவு

1960-களில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஓர் அறை. நாற்காலிகள், தரையில் சில பொம்மைகள், ஒரு பக்கம் உள்ளிருப்பவர்களுக்கு மறுபுறம் தெரியாத கண்ணாடி. அதன் பின்னால் குறிப்பேடும் கையுமாக ஆட்கள். ஒரு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் உள்ளே வருகிறாள். குழந்தை பொம்மைகளிடம் தவழ்ந்து போகிறது. கொஞ்ச நேரத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து உட்காருகிறாள். தாய் சத்தமில்லாமல் எழுந்து வெளியே போகிறாள். மூன்று நிமிடம் கழித்துத் திரும்புகிறாள். பிறகு மறுபடியும் போகிறாள். இந்தத் தடவை குழந்தை தனியாக. எட்டுக் கட்டங்கள், மொத்தம் இருபது நிமிடம். அழுகை மிஞ்சினால் மூன்று நிமிடம் முடியும்வரை காத்திருப்பதில்லை.

'நான் ஆங்ஷியஸ், அவர் அவாய்டன்ட்' என்று இன்று காதலர்கள் தங்களுக்கே பெயர் சூட்டிக்கொள்கிறார்களே, அந்தப் பெயர்களின் பூர்வீகம் இந்த அறைதான். அட்டாச்மெண்ட் என்பதற்குப் பாடப்புத்தகங்களில் 'பிணைப்பு' என்று போடுகிறார்கள். வீட்டில் நாம் சொல்வது 'ஒட்டுதல்'. 'பிள்ளைக்கு அப்பாகிட்ட ஒட்டுதலே இல்ல' என்கிறோம் அல்லவா, அதே ஒட்டுதல்தான் இங்கே விஷயம்.

அறையை ஏற்பாடு செய்தவர் உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த். 1913-இல் அமெரிக்காவில் பிறந்து கனடாவின் டொரொன்டோவில் வளர்ந்தவர். இரண்டாம் உலகப் போரில் கனடா ராணுவத்தின் பெண்கள் படையில் மேஜர் பதவி வரை போனவர். 1950-இல் கல்யாணம். கணவரின் படிப்புக்காக லண்டன் போக, அங்கே வேலை தேடியவர் கண்ணில் ஒரு விளம்பரம் பட்டது. டாவிஸ்டாக் மருத்துவ மையத்தில் ஜான் பௌல்பி என்ற மனநல மருத்துவரிடம் ஆராய்ச்சி உதவியாளர் வேலை.

பௌல்பியை இங்கே கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். அப்பா அரசவை அறுவை மருத்துவர். அந்தக் காலத்து ஆங்கில மேல்தட்டு வீடுகளின் வழக்கப்படி, அம்மாவைப் பார்க்கக் கிடைப்பது மாலைத் தேநீருக்குப் பிறகு ஒரு மணி நேரம். வளர்த்தவள் ஆயா. நாலு வயதை ஒட்டி, மிகவும் பிடித்த ஆயா வேலையை விட்டுப் போனாள். பிறகு விடுதிப் பள்ளி. இப்படிப்பட்டவர் பிரிவைப் பற்றி ஆராயப் புகுந்ததில் ஆச்சரியமென்ன! 1944-இல் அவர் வெளியிட்ட ஆய்வு, திருட்டுப் பழக்கத்துக்காகத் தம்மிடம் கொண்டுவரப்பட்ட 44 சிறுவர் சிறுமியரைப் பற்றியது. அதில் யாரிடமும் பாசமே காட்டாத 14 பேரைத் தனியாகப் பிரித்தார். அவர்களில் 12 பேர் சின்ன வயதில் நெடுநாள் தாயைப் பிரிந்திருந்தவர்கள்.

அன்றைய பாலபாடம் வேறு: குழந்தை தாயை நாடுவது பாலுக்காக. பௌல்பி இதை ஏற்கவில்லை. முட்டையிலிருந்து வந்ததும் கண்ணில் பட்டவர் பின்னாலேயே ஓடும், விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸின் வாத்துக் குஞ்சுகளுக்கு யார் தீனி போட்டார்கள்? உளவியலாளர் ஹாரி ஹார்லோவின் குரங்குக் குட்டிகளோ, பால் புட்டி மாட்டிய கம்பி பொம்மையிடம் பசியாறிவிட்டு, துணி சுற்றிய பொம்மையிடம் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டன. ஹார்லோவின் ஆய்வு வெளியான 1958-இலேயே பௌல்பியும் தம் கட்டுரையை வெளியிட்டார். பசியைப் போலவே ஒட்டுதலும் தனியொரு தேவை என்பது அவர் வாதம்.

அதற்கு முன்பே, லண்டனில் பௌல்பியோடு வேலை செய்த நாட்களில், ஐன்ஸ்வொர்த்துக்கு இந்த எண்ணத்தில் முழு நம்பிக்கை வரவில்லை. 1954-இல், மறுபடியும் கணவர் வேலை நிமித்தம், உகாண்டா போனார். கம்பாலாவைச் சுற்றியுள்ள கிராமங்களில் 26 குடும்பங்களுக்கு மாதக்கணக்கில் போய் உட்கார்ந்து பார்த்தபோதுதான் மனம் மாறியது. பாலுக்குக் காத்திருக்கும் பொட்டலமாகவா இருந்தன அந்தக் குழந்தைகள்? அம்மா நகர்ந்தால் பின்னால் போயின. அவளைத் தொட்டுவிட்டு, தைரியம் வந்ததும் புழக்கடை வரை தவழ்ந்து போய்த் திரும்பின.

அமெரிக்கா திரும்பி, பால்டிமோரிலும் 26 குடும்பங்களைப் பார்த்தார். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, நாலு மணி நேரம், பிறந்ததிலிருந்து ஒரு வருஷத்துக்கு. இங்கே ஒரு சிக்கல். இந்தக் குழந்தைகளுக்கு அம்மா ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போய் வருவது அன்றாடம். வீட்டில் அவை அலட்டிக்கொள்ளவே இல்லை. உகாண்டாவில் கண்ணெதிரே பார்த்ததை இங்கே பார்க்க, பழகாத இடம் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அந்த அறை. 'விநோதச் சூழல்' என்று பொருள்படும் பெயர் அதற்கு.

எல்லோரும் அழுகையைத்தான் கவனிப்பார்கள். ஐன்ஸ்வொர்த்தின் கண் போனது அம்மா திரும்பி வரும் நொடிக்கு. பெரும்பாலான குழந்தைகள் அவளிடம் போயின, சமாதானமாகி மறுபடி விளையாடின. அழுதவையும் இதில் உண்டு, அழாதவையும் உண்டு. சில குழந்தைகள் தூக்கச் சொல்லிக் கை நீட்டி, தூக்கியதும் உதைத்துத் திமிறின; 'ஆங்ஷியஸ்' என்பதன் பூர்வீகம் இவை. இன்னும் சில, வந்தவளைப் பார்க்காமல் பொம்மையைப் பார்த்தன. 'அவாய்டன்ட்' என்பது இதைத்தான்; தமிழில் இதற்குப் பாராமுகம் என்று அச்சு வார்த்தாற்போல ஒரு சொல் இருக்கிறது. ஒன்றுமே நடக்காதது போல இருந்த அந்தக் குழந்தைகளுக்கு, பிரிந்திருந்த நேரத்தில் இதயத் துடிப்பு எகிறியிருந்தது 1977-இல் வெளியான வேறொரு ஆய்வில் தெரிந்தது.

ஒரு வருஷத்து வீட்டுக் குறிப்புகளை எடுத்து வைத்துப் பார்த்தால், பாராமுகக் குழந்தைகளின் தாய்மார் உடம்போடு அணைப்பதைத் தவிர்த்தவர்கள். அழுதவுடன் கவனிக்கப்பட்ட குழந்தைகள் ஒரு வயது நெருங்குகையில் குறைவாகவே அழுதன. 'தூக்கித் தூக்கிப் பழக்கினால் இறங்காது' என்பவர்கள் நம் ஊரில் மட்டுமில்லை. குழந்தையைக் கொஞ்சாதே, முத்தமிடாதே என்று 1928-இல் புத்தகமே போட்ட ஜான் வாட்சன், இதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் முன்னொரு காலத்துப் பேராசிரியர்.

அறை ஊர் ஊராகப் போனது. வட ஜெர்மனியில் பாராமுகம் மிகுதி. ஜப்பானின் சப்போரோவில் அது காணவே இல்லை; தாயை விட்டு அகன்றறியாத குழந்தைகள் தனியாக விடப்பட்டதும் கதறித் தீர்த்தன. ஒட்டுதலை அளந்தார்களா, பழக்கத்தையா என்ற சண்டை இன்றும் ஓய்ந்தபாடில்லை.

பெரியவர்களுக்கு இந்த வகைப்பிரிப்பு தாவியது 1985 ஜூலையில், ஒரு செய்தித்தாள் வழியாக. டென்வர் நகரத்து 'ராக்கி மவுண்டன் நியூஸ்' நாளிதழில் உளவியலாளர்கள் சிண்டி ஹேசன், பிலிப் ஷேவர் இருவரும் காதலைப் பற்றி ஒரு வினாத்தாள் வெளியிட்டார்கள். அதில் மூன்று பத்திகள்: நெருக்கம் எனக்கு எளிது என்று ஒன்று, நெருங்கினால் சங்கடம் என்று ஒன்று, நான் விரும்பும் அளவு மற்றவர் நெருங்குவதில்லை என்று ஒன்று. எது நீங்கள்? வந்தவற்றில் 620 பதில்களை எண்ணினார்கள். முதலாவதற்கு 56 சதவீதம், இரண்டாவதற்கு 25, மூன்றாவதற்கு 19. குழந்தைகளிடம் கண்ட பங்கீட்டை இது ஒத்திருந்தது. 1987-இல் வந்த அவர்கள் கட்டுரையிலிருந்து கிளம்பியவைதாம் இன்றைய ஆராய்ச்சிகளும் கைப்பேசிச் சோதனைகளும்.

எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. பால்டிமோரில் குழந்தை செய்ததைப் பார்த்தார்கள். டென்வரில் ஆள் தன்னைப் பற்றிச் சொன்னதை எண்ணினார்கள். பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் குழந்தைக்கு எழுதத் தெரிந்திருந்தால், எந்தப் பத்தியில் குறி போட்டிருக்கும்?

ஐன்ஸ்வொர்த்தின் மாணவி மேரி மெயின், அதே எண்பதுகளில் பெர்க்லியில் சகாக்களோடு வேறொரு வழி பார்த்தார். உங்கள் அம்மாவோடு இருந்த உறவைச் சொல்ல ஐந்து வார்த்தைகள் கொடுங்கள் என்று கேட்பார்கள். கொடுத்தபின், ஒவ்வொரு வார்த்தைக்கும் நடந்த ஒரு சம்பவம் கேட்பார்கள். 'ரொம்ப அன்பானது' என்பது சட்டென்று வந்துவிடும். சம்பவம் வருகிறதா, எப்படி வருகிறது, பேச்சு எங்கே தடுக்குகிறது என்பதைத்தான் மதிப்பிடுவார்கள். ஒரு மணி நேரப் பேட்டி. சொல்லுக்குச் சொல் எழுதியெடுத்து, பயிற்சி பெற்றவர் உட்கார்ந்து படிக்க வேண்டும். வினாத்தாளில் சொல்வதும் இந்தப் பேட்டியில் தெரிவதும் பெரும்பாலும் பொருந்துவதில்லை. பரவியது வினாத்தாள்தான். அதை முடிக்க ஐந்து நிமிடம் போதும்.