காலராவைக் குடித்தவர்களும் காலராவில் போனவர்களும்

எங்கள் பக்கத்தில் கிழவிகள் ஒருத்தனை மனசார வைதால் 'பேதியில போவான்' என்றுதான் வைவார்கள். ஊரைவிட்டுக் காலரா போய் எவ்வளவோ காலமாகியும் வசவு மட்டும் போகவில்லை. இந்த வசவை நான் ஒரு வரலாற்று ஆவணமாகவே எடுத்துக்கொள்கிறேன். அதற்குள் ஒரு கேள்வி இருக்கிறது. ஒரே தெரு, ஒரே கிணறு, ஒரே தண்ணீர். ஒருத்தன் போனான், பக்கத்து வீட்டுக்காரன் இருந்தான். ஏன்? சாமி குத்தம் என்று ஊர் பதில் சொன்னது. கிருமி என்று விஞ்ஞானம் பதில் சொன்னது. கிருமி என்ற பதில் வந்ததும், 'ஏன் இவனுக்கு, ஏன் அவனுக்கு இல்லை' என்ற பழைய கேள்வியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார்கள். நூறு வருஷத்துக்குமேல் அங்கே கிடந்த அந்தக் கேள்வி இப்போது குடல் நுண்ணுயிர்கள் பற்றிய ஆராய்ச்சி என்ற பெயரில் கீழே இறங்கி வந்திருக்கிறது. யார் இறக்கினார்கள், இறக்கி என்ன செய்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்கவேண்டியிருக்கிறது.

1892 அக்டோபர் 7. மியூனிக் நகரம். மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் என்ற 73 வயது மருத்துவப் பேராசிரியர் காலராக் கிருமிகளை வளர்த்த கரைசலை எடுத்துக் குடிக்கிறார். வயிற்று அமிலம் கிருமியைக் கொன்றுவிட்டது என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக்கூடாதே என்று சோடா உப்பும் கலந்துகொள்கிறார். அந்தக் கோடையில்தான் ஹாம்பர்கில் காலராவுக்கு எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பலியாகியிருந்தார்கள். கிழவருக்கு லேசாக வயிற்றுப்போக்கு, அவ்வளவுதான். சில நாள் கழித்து அவருடைய சீடர் எம்மெரிக் குடித்தார். அவருக்குக் கொஞ்சம் கடுமையாகவே போனது, ஆனால் பிழைத்துக்கொண்டார். மலத்தில் கிருமி இருந்தது. ஆனால் ஆள் சாகவில்லை. ராபர்ட் கோஹ் 1884-இல் கல்கத்தாவில் கண்டறிந்து உலகத்துக்கு அறிவித்த அந்தக் கிருமி தன்னந்தனியாக ஆளைக் கொல்வதில்லை என்று நிரூபித்துவிட்டதாகப் பெட்டன்கோஃபர் நினைத்தார். கிருமி வேண்டும்தான், ஆனால் அது மட்டும் போதாது, மண் வேண்டும், நிலத்தடி நீரின் ஏற்றஇறக்கம் வேண்டும், நோயை ஏற்கும் உடம்பும் வேண்டும் என்பது அவர் வாதம்.

பாடப்புத்தகங்களில் இந்தக் கிழவர் ஒரு கோமாளி. கோஹ் ஜெயித்தார், பெட்டன்கோஃபர் தோற்றார், 1901-இல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு செத்தார் என்று கதை முடிகிறது. ஜெயித்தவன் எழுதும் வரலாறு என்று இதை எளிதாகச் சொல்லிவிடலாம். புரூனோ லத்தூர் 1984-இல் பாஸ்டரைப் பற்றி எழுதிய புத்தகத்தைப் படித்தவர்களுக்கு, ஒரு கிருமி 'கண்டுபிடிக்கப்படுவதற்கு' எத்தனை பேருடைய நலன்கள் ஒன்றுசேர வேண்டியிருக்கிறது என்பது தெரிந்திருக்கும். ஆனால் தோற்றவரைத் தூக்கிப்பிடிப்பதற்கு முன்னால் இன்னொரு பக்கத்தையும் பார்க்கவேண்டும். பெட்டன்கோஃபரின் மண் கோட்பாட்டை யார் விரும்பினார்கள்? ஹாம்பர்க் வணிகர்கள் விரும்பினார்கள். இந்தியாவை ஆண்ட வெள்ளைக்கார அரசு விரும்பியது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபிறகு, இந்தியாவிலிருந்து வரும் கப்பல்களை நிறுத்திவைத்துச் சோதிக்கவேண்டும் என்று மற்ற நாடுகள் நெருக்கின. காலரா ஆளிலிருந்து ஆளுக்குப் பரவாது, அந்தந்த மண்ணிலிருந்தே கிளம்புகிறது என்றால் கப்பலை எதற்கு நிறுத்தவேண்டும்? இந்திய அரசின் சுகாதார ஆணையராக இருந்த கன்னிங்ஹாம் தொற்றுக் கொள்கையை மறுத்துக்கொண்டே இருந்தார். 'உடம்பின் ஏற்புத்தன்மை', 'உள்ளூர் நிலைமை' என்றெல்லாம் கேட்பதற்கு இனிமையான சொற்களுக்குப் பின்னால் சரக்குக் கப்பல் நின்றுகொண்டிருந்தது.

அந்த 'உள்ளூர் நிலைமை' என்னவென்று சென்னை மாகாணத்தைக் கேட்கலாம். 1876-78 தாது வருஷப் பஞ்சம். 1877 என்ற ஒரே ஆண்டில் இந்த மாகாணத்தில் காலராவில் மூன்றரை லட்சம் பேர் போனதாகச் சர்க்கார் கணக்கு. கணக்கில் வராதவர்கள் தனி. நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம், ஒரு அணா காசு. ஒரு ராத்தல் என்றால் சுமார் 450 கிராம். மண் சுமக்கிறவனுக்கு இது காணாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை பிடித்தார். டெம்பிள் அசையவில்லை. சென்னையில் இன்றைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிறோமே பக்கிங்ஹாம் கால்வாய், அதில் அடையாற்றுக்கும் கூவத்துக்கும் இடைப்பட்ட பகுதி அந்தப் பஞ்சத்தில் இப்படி வெட்டியதுதான்.

பட்டினிக்கும் காலராவுக்கும் என்ன உறவு? கூட்டமாக அடைத்துவைத்ததும் கெட்ட தண்ணீரும் ஒரு பாதி. காய்ந்த உடம்பில் வயிற்று அமிலம் குறைந்துபோகிறது, கிருமி தப்பிக் குடலுக்குள் நுழைகிறது என்பது இன்னொரு பாதியின் தொடக்கம். குடலுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கேட்க அப்போது ஆளில்லை. கேட்ட ஒருத்தர் பாரிஸில் இருந்தார்.

ஈலியா மெச்னிகாவ் ரஷ்யப் பேரரசில் பிறந்து பாஸ்டர் நிறுவனத்துக்கு வந்தவர். 1882-இல் இத்தாலியின் மெஸ்ஸினாவில், நட்சத்திர மீனின் இளம்புழுவுக்குள் ஒரு முள்ளைச் செருகிவிட்டு, நகரும் செல்கள் அதைச் சூழ்ந்துகொள்வதைப் பார்த்தவர். உடம்பு கிருமியை விழுங்கித் தற்காத்துக்கொள்கிறது என்ற அவர் கோட்பாட்டுக்கு 1908-இல் நோபல் கொடுத்தார்கள். நமக்கு வேண்டியது அந்த மெச்னிகாவ் இல்லை. காலரா குடித்த மெச்னிகாவ். ஆமாம், அவரும் குடித்தார். 1892-இலேயே. ஒன்றும் ஆகவில்லை. சோதனைச்சாலையில் இன்னொருவர் குடித்தார், அவருக்கும் ஒன்றுமில்லை. மூன்றாவதாக ஒரு இளைஞர் குடித்தார், சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார். பெட்டன்கோஃபராக இருந்தால் 'மண்' என்று சொல்லி முடித்திருப்பார். மெச்னிகாவ் பயந்துபோய் உட்கார்ந்து யோசித்தார். காலராக் கிருமியை மற்றக் கிருமிகளோடு சேர்த்துத் தட்டில் வளர்த்துப் பார்த்தார். சில கிருமிகள் பக்கத்தில் இருந்தால் காலரா செழித்தது, வேறு சில இருந்தால் ஒடுங்கியது. அப்படின்னா மூன்று பேர் குடலிலும் ஏற்கெனவே குடியிருந்தவர்கள் வேறுவேறு ஆட்கள். வருகிற விருந்தாளி தங்குவதா ஓடுவதா என்பதை அவர்களும் சேர்ந்து தீர்மானித்திருக்கிறார்கள். மண்ணை பூமியிலிருந்து எடுத்து மனிதக் குடலுக்குள் வைத்தார் மெச்னிகாவ் என்று சொல்வேன். என்னைப் பொறுத்தவரை அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய இடமாற்றங்களில் இது ஒன்று.

ஆனால் அவர் அந்த வழியில் தொடர்ந்து போகவில்லை. கிழடு தட்டுவது எதனால் என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. பெருங்குடல் ஒரு அழுகல் கிடங்கு, அங்கிருந்து விஷம் ஊறி மனிதன் மூப்படைகிறான், பல்கேரியக் குடியானவர்கள் புளித்த பால் குடித்து நெடுநாள் வாழ்கிறார்கள் என்றெல்லாம் எழுதினார். ஸ்டாமென் கிரிகோரொவ் என்ற பல்கேரிய மாணவர் 1905-இல் அந்தப் பாலில் கண்ட நுண்ணுயிர் ஐரோப்பாவின் மருந்துக்கடைகளுக்கு வந்தது. லண்டனில் ஆர்பத்னாட் லேன் என்ற அறுவை மருத்துவர் இன்னும் ஒருபடி மேலே போய், மலச்சிக்கல்காரர்களின் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். ஏழையின் காலராவில் பிறந்த கேள்வி பணக்காரனின் ஆயுளுக்குப் பதில் தேடப் போய்விட்டது. மெச்னிகாவ் 1916-இல் 71 வயதில் காலமானார். புளித்த பால் அவரை அதற்கு மேல் இழுத்துப் பிடிக்கவில்லை. (மெச்னிகாவின் மாணவர் ஹாஃப்கின் 1893-இல் காலராத் தடுப்பூசியோடு கல்கத்தா வந்து சேரிகளிலும் தேயிலைத் தோட்டங்களிலும் குத்திக்கொண்டு திரிந்தது தனிக்கதை. அதைத் தனியாகத்தான் எழுதவேண்டும்.)

அப்புறம் நீண்ட மௌனம். கோஹின் கிருமிக் கோட்பாடு ஒரு போர்மொழியாக நிலைத்துவிட்டது. எதிரி, படையெடுப்பு, தற்காப்பு, அழிப்பு என்று 'நோய் எதிர்ப்பு' என்ற நம்முடைய சொல்லுக்குள்ளேயே ஒரு கோட்டைச் சுவர் இருக்கிறது. உள்ளே நான், வெளியே மற்றமை. ஆனால் குடலை என்ன செய்வது? வாயிலிருந்து ஆசனவாய்வரை திறந்து கிடக்கிற ஒரு குழாய், உடம்பின் நடுவில் ஓடுகிற 'வெளி'. அங்கே கோடிகோடியாக மற்றமை குடியிருக்கிறது. உடம்பின் நோய் எதிர்ப்புச் செல்களில் பெரும்பகுதி அதைச் சுற்றித்தான் உட்கார்ந்திருக்கிறது.

1954-இல் சிகாகோவில் ஒரு சோதனை. எலிக்கு சால்மொனெல்லா தொற்றவேண்டுமானால் வாய்வழியாக ஏறக்குறைய ஒரு லட்சம் கிருமி கொடுக்கவேண்டும். முதலில் ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்துக் குடலில் இருந்தவர்களை அழித்துவிட்டால்? பத்துக்கும் குறைவான கிருமி போதும். எலி அதே எலி, கிருமி அதே கிருமி. நடுவில் இருந்த ஊர் காலியாகிவிட்டது, அவ்வளவுதான். அதே ஐம்பதுகளில் ரோல்ஃப் ஃபிரெட்டர் காலராக் கிருமியை வைத்தும் இப்படிக் காட்டினார். வளர்ந்த விலங்குகளுக்குக் காலரா வரவழைக்கக் கோஹ் படாதபாடு பட்டும் முடியவில்லை என்பதற்கு ஒரு காரணம் இங்கே கிடைக்கிறது. ஆண்டிபயாட்டிக் வெற்றிமுழக்கத்தில் இது யார் காதிலும் பெரிதாக விழவில்லை. அந்த நுண்ணுயிர்கள் இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா கிடப்பவை அல்ல என்பது இந்த நூற்றாண்டில்தான் தெளிவானது. சிலவகை நுண்ணுயிர்கள் எதிர்ப்புச் செல்களை உசுப்பிவிடுகின்றன. சிலவகை அவற்றை அடக்கிவைக்கின்றன. நாம் தின்னும் நாரை அவை புளிக்கவைத்து உண்டாக்கும் பியூட்டிரிக் அமிலம், 'போதும், சண்டையை நிறுத்து' என்று சொல்லும் செல்களைப் பெருக்குகிறது. எதிரி யார் என்று எதிர்ப்புச் சக்திக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதே மற்றமைதான் என்றால், அந்தக் கோட்டைச் சுவரை யார் கட்டியது?

காலராவுக்குத் திரும்புவோம். டாக்காவில் காலராவிலிருந்து தேறியவர்களின் மலத்தை ஆராய்ந்து 2014-இல் ஒரு முடிவு வெளியானது. தேறத்தேற ருமினோகாக்கஸ் ஓபியம் (இப்போது பிளாட்டியா ஓபியம் என்கிறார்கள்) என்ற நுண்ணுயிர் பெருகுகிறது. எலிக்குடலில் வைத்தால் அது காலராவைக் கட்டுப்படுத்துகிறது. எப்படி என்று 2020-இல் இன்னொரு ஆய்வு காட்டியது. பித்தநீரில் உள்ள ஒரு உப்பு பட்டால்தான் காலராக் கிருமியின் நச்சு மரபணுக்கள் விழிக்கின்றன. பிளாட்டியாவின் நொதி அந்த உப்பைச் சிதைத்துவிடுகிறது. கிருமி உள்ளே வந்தும் தூங்கிக்கொண்டிருக்கிறது. வயிற்றுப்போக்கும் சத்துக்குறைவும் பாதித்த குடலில் இந்தக் காவல் குறைவு. 1892-இல் மெச்னிகாவின் தட்டில் நடந்தது என்னவென்பதற்கு ஏறக்குறைய 130 வருஷம் கழித்து ஒரு விடை. 1877-இல் பக்கிங்ஹாம் கால்வாய் வெட்டியவர்களின் குடலில் என்ன இருந்தது, என்ன இல்லாமல் போனது என்பதை இனி யாராலும் சொல்லமுடியாது. ஆனால் டெம்பிளின் தராசு எதை நிறுக்கவில்லை என்று இப்போது ஓரளவு சொல்லலாம். டாக்காவின் மீர்ப்பூர் குடிசைப் பகுதியில் சத்துக்குறைந்த குழந்தைகளுக்குக் கொண்டைக்கடலை, சோயா, நிலக்கடலை, வாழைக்காய் சேர்த்த ஒரு உணவைக் கொடுத்துப் பார்த்து 2021-இல் முடிவு வெளியிட்டார்கள். வழக்கமான நிவாரண உணவைவிட இதில் கலோரி குறைவு. ஆனால் குழந்தைகள் இதில்தான் கூடுதலாகத் தேறினார்கள், ஏனென்றால் சத்துக்குறைவில் வளராமல் நின்றுபோன குடல் நுண்ணுயிர்களுக்கும் சேர்த்துச் சமைத்த சோறு அது.

இந்த இடத்தில் சந்தை உள்ளே நுழைகிறது. நல்ல பாக்டீரியா என்று புட்டியில் அடைத்து விற்கிறவன் ஒரு பக்கம். பழைய சோற்றில் எல்லாம் இருக்கிறது, நம் முன்னோர் அப்போதே அறிந்திருந்தார்கள் என்று மார்தட்டுகிறவர்கள் இன்னொரு பக்கம். பழையது நல்லதுதான், மறுக்கவில்லை. 'நம் முன்னோர்' என்றால் யாருடைய முன்னோர்? பண்ணையாள் அதைக் குடித்தது வேறு வக்கில்லாமல். அதைக் குடிக்காத வீடுகளும் அதே ஊரில் இருந்தன. வறுமையை மரபாக்கி, மரபை மருந்தாக்கி விற்கிற இந்தச் சொல்லாடல், மண் கோட்பாட்டுக்குப் பின்னால் கப்பல் நின்றதைப் போன்ற காரியம்தான்.

குடல் நுண்ணுயிரே எல்லாவற்றுக்கும் விடை என்கிறவர்களுக்கு வேலூர் ஒரு தடை. போலியோ சொட்டு மருந்து மேல்நாடுகளில் நன்றாக வேலை செய்தது. வேலூர்க் குழந்தைகளில் பலருக்கு மூன்று தவணை கொடுத்தும் எதிர்ப்பொருள் உண்டாகவில்லை என்று டி. ஜேக்கப் ஜான் 1972-லேயே எழுதினார். ஏழைக் குடலில் வாய்வழித் தடுப்பு மருந்து சரியாக ஏறுவதில்லை. குடலில் மண்டிக் கிடக்கும் கிருமிகள்தான் காரணமா? வேலூர் மாவட்டக் கிராமங்களில் குழந்தைகளுக்கு முதலில் அசித்ரோமைசின் கொடுத்து, பிறகு சொட்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 2016-இல் முடிவு வெளிவந்தது. நோய்க்கிருமிகள் குறைந்தன, குடல் அழற்சியின் அடையாளங்களும் குறைந்தன, ஆனால் தடுப்புச் சக்தி கூடவில்லை. பல வருஷத் தண்ணீரும் தெருவும் சேர்ந்து உருவாக்கிய குடல், மூன்று நாள் மாத்திரைக்கு மசியவில்லை.

போலியோ இந்தியாவில் போனது வேறு வழியில். மருந்தை மாற்றியமைத்தார்கள். மூன்று தவணை போதும் என்ற மேல்நாட்டுக் கணக்கை விட்டுவிட்டு, ஒரே குழந்தைக்கு ஏழு, எட்டு, பத்துத் தடவை என்று சொட்டு ஊற்றினார்கள். நீலப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வாசலாக ஏறி இறங்கியவர்களில் பெரும்பாலோர் அற்பக் கூலிக்கு வேலை பார்த்த பெண்கள். கடைசி நோயாளி 2011 ஜனவரியில், ஹௌரா மாவட்டத்தில், ஒரு பெண் குழந்தை. 2014-இல் நாட்டுக்குச் சான்றிதழ் கிடைத்தது. அந்தக் குழந்தைகள் குடித்த தண்ணீரைப் பற்றி அந்தச் சான்றிதழில் ஒரு வரியும் இல்லை.