உழவரின் தேவையை அளந்து செய்த கார்: சிட்ரோயன் 2சிவி

1930களில் பிரான்சின் மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் நாட்டுப்புறத்தில் வாழ்ந்தனர். ஆயினும் அந்நாட்டுக் கார் தொழில் நகரத்தாரையும் வசதி படைத்தோரையும் நோக்கியே வளர்ந்திருந்ததால், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லக் குதிரை வண்டியே பெரும்பாலான உழவர்களுக்கு வாய்த்தது. இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சி, நொடித்துப்போன ஒரு நிறுவனத்திலிருந்து தொடங்கியது. முன்சக்கரங்களுக்கே எஞ்சினின் விசையைச் செலுத்தும் ‘திராக்சியோன் அவான்’ என்னும் புதுமைக் காருக்காகப் பெரும்பொருளைச் செலவிட்ட சிட்ரோயன் நிறுவனம் 1934இல் கடனில் மூழ்கியது. அதற்குக் கடன் கொடுத்திருந்த மிஷலின் டயர் நிறுவனம் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

மிஷலின் தரப்பிலிருந்து வந்த பியர்-ஜூல் பூலான்ஷே புதிய சிறு காருக்கு வகுத்த இலக்கணத்தில் அழகு பற்றிய பேச்சே இல்லை. இரண்டு உழவர்களையும் 50 கிலோ உருளைக்கிழங்கையும் ஏற்றிக்கொண்டு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும், 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் பெட்ரோலே செலவாக வேண்டும், உழுத வயலின் குறுக்கே சென்றாலும் கூடையிலுள்ள முட்டை உடையக் கூடாது என்பவையே அவர் விதித்த நிபந்தனைகள். பொறியாளர் ஆந்திரே லெஃபெவ்ரின் தலைமையில் உருவான முதல் வண்டிகள் 1939 அக்டோபரில் பாரிஸ் கார் கண்காட்சிக்கு வரவிருந்த நிலையில் போர் மூண்டது. ஜெர்மானியரின் கைக்கு எட்டாதபடி அவற்றுள் பல அழிக்கப்பட்டன, சில மறைத்து வைக்கப்பட்டன.

1948 அக்டோபரில் மக்கள்முன் வந்த கார், வரி கணக்கிடுவதற்கான குதிரைத்திறன் அளவையொட்டி 2சிவி எனப் பெயர் பெற்றது. அதன் 375 சி.சி. எஞ்சினை வால்டர் பெக்கியா வடிவமைத்தார். எதிரெதிராகப் படுத்த இரண்டு சிலிண்டர்களைக் கொண்டு 9 குதிரைத்திறனை மட்டுமே தந்த அந்த எஞ்சின் காற்றாலேயே குளிர்ந்ததால், ரேடியேட்டரோ தண்ணீர்ப் பம்போ தேவைப்படவில்லை. பழுதாகக்கூடிய அந்த உறுப்புகள் இல்லாததால் பழுது பார்க்கும் செலவும் குறைந்தது.

முட்டைக்கூடை நிபந்தனையை நிறைவேற்றியது சஸ்பென்ஷன், அதாவது சாலையின் அதிர்ச்சி உடற்பகுதியைத் தாக்காமல் தாங்கும் அமைப்பு. ஒவ்வொரு பக்கத்திலும் முன்சக்கரத்தின் கையும் பின்சக்கரத்தின் கையும், வண்டியின் அடியில் நீளவாக்கில் கிடத்தப்பட்ட உருளைக்குள் இருக்கும் சுருள்வில்களோடு இழுகம்பிகளால் பிணைக்கப்பட்டிருந்தன. முன்சக்கரம் மேட்டில் ஏறும்போது உருளை முன்னோக்கி இழுபட்டுப் பின்சக்கரத்தைச் சற்றே கீழே அழுத்துவதால், வண்டி முன்னும் பின்னுமாகக் குலுங்காமல் சமநிலையில் சென்றது.

தகரக் கொட்டகை போன்ற அதன் தோற்றத்தைப் பத்திரிகையாளர்கள் எள்ளினாலும், வாங்க முன்வந்தோர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. எஃகுத் தட்டுப்பாட்டால் உற்பத்தி மெதுவாகவே பெருகியமையால், நாட்டுப்புற மருத்துவர், பாதிரியார் போன்று ஊர் ஊராகச் செல்ல வேண்டியவர்களுக்கு முன்னுரிமை அளிக்கப்பட்டது. போட்டி நிறுவனமான ரெனோவும் 1961இல் வெளியிட்ட ரெனோ 4 காரில் முன்சக்கர இயக்கத்தையும் மிருதுவான சஸ்பென்ஷனையும் மேற்கொண்டதிலிருந்து, பூலான்ஷேயின் இலக்கணம் ஒரு நிறுவனத்தின் எல்லையைக் கடந்துவிட்டதை அறியலாம்.

போர்ச்சுகலின் மங்குவால்தே ஆலையில் 1990 ஜூலையில் உற்பத்தி நிற்கும் வரை 38 லட்சத்துக்கும் மேற்பட்ட 2சிவி கார்கள் செய்யப்பட்டன. சரக்கு வேன்களையும் சேர்த்தால் அத்தொகை 50 லட்சத்தைத் தாண்டும். மலிவான பொருள் என்றால் உயர்ந்த பொருளைக் குறைத்துச் செய்தது என்று கருதப்பட்ட காலத்தில், எளியோரின் தேவையை அதற்குரிய மதிப்புடன் அளந்து, அதற்கென்றே தனிப் பொறியியலைப் படைத்ததே இந்தக் காரின் வரலாற்றுச் சிறப்பு.