ஏற்காட்டில் டிரவுட் மீன் பிடிக்க முடியுமா? கேபின் புக் பண்ணும் முன் இதைப் படிங்க!

காபித் தோட்டத்துக்கு நடுவே மர கேபின், வாசலிலேயே குளம், கையில் தூண்டில். ஏற்காட்டுக்கு இப்படி ஒரு வார இறுதி பிளான் போடுறீங்களா? தாராளமா போகலாம். ஆனா தூண்டிலில் டிரவுட் மாட்டும்னு நம்பி முன்பணம் கட்டிடாதீங்க.

ஏற்காட்டில் ஏன் கஷ்டம்?

டிரவுட் குளிர்நீர் மீன். தண்ணீரின் வெப்பநிலை 10 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நல்லா வளரும். 20 டிகிரியைத் தாண்டினால் திணற ஆரம்பிக்கும். தண்ணீர் சூடாக ஆக, அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைவதுதான் முக்கிய காரணம்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கு. கோடையில் பகல் வெப்பம் 30 டிகிரியை நெருங்கும். ஓடாமல் தேங்கி நிற்கும் குளத்தில் டிரவுட் தாங்காது. கட்லா, ரோகு, ஜிலேபி மாதிரியான மீன்களுக்குத்தான் அந்தத் தண்ணீர் சரிப்படும்.

அப்போ தமிழ்நாட்டில் எங்கே?

நீலகிரியில். 1860-களிலேயே ஆங்கிலேயர்கள் இங்கே டிரவுட்டைக் கொண்டுவர முயற்சி செய்தார்கள், பலிக்கவில்லை. பிறகு எச்.சி.வில்சன் முயற்சியில், 1907-ல் அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. ஊட்டியிலிருந்து சுமார் 25 கி.மீ. தூரம். உயரம் 2,000 மீட்டருக்கு மேல் என்பதால், சோலைக்காட்டு ஓடைகளில் வருஷம் முழுக்க தண்ணீர் சில்லுனு இருக்கும்.

அவலாஞ்சி போறீங்கன்னா கவனிக்க வேண்டியவை

* இ-பாஸ்: 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வெளியூர் வாகனங்களில் போக இ-பாஸ் நடைமுறை வந்திருக்கு. கிளம்பும் முன் பதிவு பண்ணிடுங்க.
* தங்குமிடம்: அங்கே வனத்துறை ஓய்வு இல்லம் இருக்கு. அனுமதி கைக்கு வந்த பிறகு மற்ற டிக்கெட்டைப் போடுங்க.
* தூண்டில்: காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் மீன் பிடிப்பது குற்றம். வனத்துறை, மீன்வளத்துறை இரண்டிடமும் முதலிலேயே கேளுங்க.
* மழை: 2019 ஆகஸ்டில் இங்கே ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தவிர்ப்பது நல்லது.
* கையில் இருக்க வேண்டியவை: கம்பளி, டார்ச், மருந்து, ரொக்கம். செல்போன் சிக்னலை நம்ப முடியாது. எங்கே தங்குறீங்கன்னு வீட்டில் சொல்லிட்டுப் போங்க.

ஏற்காடுதான் வேணும்னா?

முன்பணம் கட்டும் முன் கேபின்காரரிடம் மூணு கேள்வி கேளுங்க. குளத்தில் என்ன மீன் இருக்கு? பிடிச்ச மீனை சமைக்கலாமா, திரும்ப விடணுமா? பயணம் ரத்தானால் பணம் திரும்ப வருமா? டிரவுட் இருக்குன்னு சொன்னால், மே மாசத்தில் தண்ணீரை எப்படி குளிர்ச்சியா வைக்கிறாங்கன்னும் கேளுங்க. பதில் சரியா வரலைன்னா, மீனுக்காகப் பணம் கட்டாதீங்க. காபித் தோட்டத்துக்காகவும் குளிர்ந்த காற்றுக்காகவும் மட்டும் போயிட்டு வாங்க.