கூறைச் சேலையும் ரவிக்கையும்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது, "ஏதாச்சும் காலேஜ் ஞாபகம் எழுதிக் குடுங்க" என்றுதான் கேட்டார்கள். ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி எப்படியும் நாலு பேர் எழுதியிருப்பார்கள். பஸ்ஸைத் தவறவிட்டு முதலிபாளையம் பிரிவிலிருந்து நடந்து வந்த கதையும் வந்துவிடும். அதனால் நான் வேறொன்றை எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற சந்திப்பில் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் நம் மூத்த மாணவர் ஒருவர் மைக்கைப் பிடித்தார். நல்ல மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். பேச்சு எப்படியோ இன்றைய மாணவிகளின் உடைக்குப் போய்விட்டது. "நம்ம பாட்டிமாருக இப்படியா உடுத்துனாங்க?" என்று கேட்டார். பலமான கைதட்டல். முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி குனிந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். பதில் சொல்லத் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரை.

என் பாட்டி, அதாவது அம்மாவைப் பெற்ற அம்முச்சி, கல்யாணத்தன்று ரவிக்கை போடவில்லை. அன்று மட்டுமல்ல, சாகும்வரை போடவில்லை. பதினாறு முழம் நூல் சேலை, பின்கொசுவம் வைத்த கட்டு, முந்தானையை மார்போடு சுற்றி இழுத்துச் செருகிக்கொள்வார். காட்டு வேலைக்கும் அதுதான், கோயிலுக்கும் அதுதான். "ஏன் அம்முச்சி, ரவிக்கை போடலை?" என்று ஒருமுறை கேட்டேன். "அதை அப்பல்லாம் யாரு கண்ணு போடுவா? போட்டவளைத்தான் ஒரு மாதிரி பார்ப்பாங்க" என்றார். அவர் கூச்சமில்லாத பொம்பளை என்று நினைத்துவிடாதீர்கள். வேற்று ஆள் திண்ணையில் இருந்தால் பின்வாசல் வழியாகப் போகிறவர். அவருடைய கூச்சத்துக்கும் ரவிக்கைக்கும் சம்பந்தம் இல்லை, அவ்வளவுதான்.

இது கொங்கு நாட்டுக்கு மட்டும் உரிய சங்கதி அல்ல. செட்டிநாட்டு ஆச்சிமார் கண்டாங்கியைக் கணுக்கால் தெரிய, பின்கொசுவம் வைத்து, ரவிக்கை இல்லாமல்தான் கட்டினார்கள். கச்சு, வம்பு என்று மார்க்கச்சைக்குப் பழந்தமிழில் பெயர்கள் இருக்கின்றன. அதனால் அப்படி ஒரு துணியே தெரியாது என்று சொல்ல முடியாது. ஆனால் அது எல்லோருக்குமான கட்டாயமாக இருக்கவில்லை. பெருமாளுக்கு இருபுறமும் நிற்கும் திருமேனிகளைக் கவனித்திருக்கிறீர்களா? ஸ்ரீதேவிக்குக் கச்சு உண்டு, பூதேவிக்கு இல்லை. சிற்பி இருவரையும் அடையாளம் காட்டும் முறையே அதுதான். கச்சில்லாத தேவியைக் கும்பிட்டவர்கள் யாரும் கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

அப்படியானால் கட்டாயம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் நம் தமிழ்நாட்டின் தென்கோடிக்குப் போக வேண்டும்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூர், பிறகு திருவாங்கூர்-கொச்சி ஆட்சியில் இருந்தது. அங்கே மேல்சாதியார் முன்னால் கீழே இருப்பவர்கள் மார்பை மூடாமல் நிற்பதே மரியாதை. நாடார் பெண்களுக்கும், அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டவர்களுக்கும் தோளில் சீலை போடும் உரிமை கிடையாது. கிறிஸ்தவத்துக்கு மாறிய பெண்கள் மார்பை மூட ஆரம்பித்தார்கள். ரெசிடெண்டாக இருந்த கர்னல் மன்றோவின் காலத்தில், 1814-ல், அவர்கள் சிரியன் கிறிஸ்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் என்ற சட்டை போட்டுக்கொள்ளலாம் என்று உத்தரவானது. ஆனால் பெண்களுக்கு அது போதவில்லை. நாயர் பெண்கள் போடுவதுபோலத் தோள்சீலையும் போட்டார்கள். 1822-ல் கலகம் வெடித்தது. சந்தையிலும் வழியிலும் பெண்களின் மேல்துணியை இழுத்துக் கிழித்தார்கள். 1829-ல் அரசே தோள்சீலை கூடாது என்று அறிவித்தது. 1858 கடைசியிலும் 1859 தொடக்கத்திலும் மறுபடி கலவரம், வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் தீ. சென்னை கவர்னராக இருந்த டிரெவெலியன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலை 26-ல் உத்திரம் திருநாள் மகாராஜா ஒரு பிரகடனம் செய்தார். அதிலும் ஒரு கொக்கி இருந்தது. நாடார் பெண்கள் மார்பை மூடலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் மூடும் விதத்தில் மூடக்கூடாது!

இந்தக் கொக்கியை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். சண்டை மார்பு தெரிவதைப் பற்றியே அல்ல. யார் எப்படி மூடுவது என்பதைச் சொல்லும் அதிகாரம் யாரிடம் என்பதுதான் சண்டை.

அதே காலத்தில் நாகர்கோவிலில் இன்னொரு வேலையும் நடந்தது. ஜவுளிக்காரர்களாகிய நமக்கு இது சுவையாக இருக்கும். மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், 1820-களின் தொடக்கத்தில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த சில பெண்கள் அந்தக் கூலியைச் சேர்த்து விடுதலையை விலைக்கு வாங்கினார்கள் என்று மிஷன் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. இங்கிலாந்தில் விக்டோரியா ராணி 1840 பிப்ரவரி 10-ல் வெள்ளை உடையில், ஹானிட்டன் லேஸ் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டார். மணப்பெண் என்றால் வெள்ளை என்பது அதற்குப் பிறகு பரவியதுதான். அதற்கு முன் அங்கேயும் இருப்பதில் நல்ல உடை எதுவோ அதுதான் கல்யாண உடை, நிறத்துக்குக் கணக்கில்லை. இன்று நம் ஊர்ச் சர்ச்சுகளில் மணப்பெண் வெள்ளைப் பட்டும் தலையில் நெட்டுமாக வருகிறாள் அல்லவா, அதன் மூலம் அங்கே இருக்கிறது.

ரவிக்கைக்குத் திரும்புவோம். வடக்கே, முதல் இந்திய ஐ.சி.எஸ். அதிகாரியான சத்யேந்திரநாத் தாகூரின் மனைவி ஞானதானந்தினி தேவி 1864-ல் பம்பாய்க்குப் போனார். பார்சிப் பெண்களைப் பார்த்து, உள்பாவாடையும் ஜாக்கெட்டும் சேர்த்துப் புடவை கட்டும் முறையை வங்காளத்துக்குக் கொண்டுவந்தார். வெள்ளைக்காரர் விருந்துக்கும் கூட்டங்களுக்கும் வெளியே போகிற குடும்பப் பெண்ணுக்கு அப்படி ஒரு உடை தேவைப்பட்டது. பஃப் கை, லேஸ் காலர் எல்லாம் அன்றைய இங்கிலீஷ் பிளவுஸைப் பார்த்துத் தைத்ததுதான். ரவிவர்மா 1894-ல் அச்சகம் தொடங்கியபின், ரவிக்கை போட்ட லட்சுமியும் சரஸ்வதியும் காலண்டர் படமாக வீடு வீடாக வந்தார்கள். சாமியே போட்டுக்கொண்ட பிறகு பாட்டிமார் எவ்வளவு நாள் தாக்குப்பிடிப்பார்கள்? என் அம்முச்சி பிடித்தார், அது வேறு விஷயம்.

ஆனாலும் எளிதில் நுழையவில்லை. திருவாங்கூர்-கொச்சி முதலமைச்சராக இருந்த சி. கேசவன் தன் வாழ்க்கை வரலாற்றில் தன் மாமியாரின் இளமைக் கதையைச் சொல்கிறார். நாத்தனார் ஆசையாகக் கொடுத்த ரவிக்கையை அவர் போட்டுப் பார்க்க, பெற்ற தாயே அது அடக்கமில்லாத உடுப்பு என்று திட்டித் தீர்த்திருக்கிறார். அப்புறம் ராத்திரியில் கணவர் முன்னால் மட்டும் போட்டாராம். ஒரு தலைமுறையில் ஒழுங்கீனமாக இருந்தது மறு தலைமுறையில் ஒழுக்கம். அதைப் போடாமல் விட்டவர்கள் பிறகு பட்டிக்காட்டுக் கிழவிகள் ஆகிவிட்டார்கள்.

நம் திருப்பூருக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. 1920-களில் இது கதர் ஊர். பக்கத்து ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் 1921-ல் கள்ளுக்கடை மறியலுக்கு நின்றவர்கள், கதர் கட்டியவர்கள். பட்டை விட்டுக் கதரில் கல்யாணம் செய்வது அன்றைக்குப் பெருமை. 1942-ல் இந்திரா தன் திருமணத்துக்குக் கட்டிய புடவையே அப்பா ஜெயிலில் நூற்ற நூலில் நெய்ததுதான். பெரியார் இன்னும் ஒரு படி மேலே போய், பெண்கள் முடியை வெட்டிக்கொண்டு சட்டை போடட்டும் என்றார். சேலையும் நகையும் பெண்ணின் நேரத்தையும் காசையும் தின்கின்றன என்பது அவர் கட்சி. சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் 1967-ல் வந்தது. பட்டுச்சேலை மட்டும் போகவில்லை.

போகவில்லை என்பதோடு, வளர்ந்தும் விட்டது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. கூறைச் சேலையை மாப்பிள்ளையும் அவர் கூடப்பிறந்தவளும் ஆளுக்கொரு முனையாகப் பிடிப்பார்கள். அருமைக்காரர் முன்னால் நடக்கும் அந்தச் சீரில் சேலைதான் முக்கியம், ரவிக்கைக்கு வேலையே இல்லை. எழுபதுகளில் நடந்த என் அம்மாவின் கல்யாணத்தில் ரவிக்கை வந்துவிட்டது. பட்டின் கரையைக் கையில் வைத்துத் தைத்தது, தையல்கூலி பெரிய செலவாகவே பேசப்படவில்லை. போன வருஷம் அக்கா மகளுக்கு ஆரி வேலை செய்த ரவிக்கை. முதுகில் மயில், கையில் நெட். தையல்கூலி ஒரு சாதாரணப் பட்டுச்சேலையின் விலை! கழுத்து இறக்கம் எவ்வளவு என்று இரண்டு வீட்டுப் பெரியம்மாக்களும் டைலர் கடையில் நின்று பஞ்சாயத்து செய்தார்கள். அந்த ரவிக்கையின் மேல்தான் கூறைச் சேலை ஏறியது.

இப்போது மாணவியின் துப்பட்டாவுக்கு வருகிறேன். 2005-ல் அண்ணா பல்கலைக்கழகம் ஜீன்ஸ், டி-ஷர்ட், கையில்லாச் சட்டை எல்லாம் வகுப்புக்குக் கூடாது என்றது. டி-ஷர்ட்! திருப்பூர் முழுக்க அதில்தான் சோறு தின்கிறது. இத்தாலியிலிருந்து வந்தவர் இங்கே வெள்ளை டி-ஷர்ட் தேடிய 1978 முதல், அந்த ஒரு உருப்படிதான் இந்த ஊரின் முகத்தையே மாற்றியது. நாம் படித்த படிப்பும் அதற்காகத்தான் வந்தது. 2015-ல் ஒரு தமிழ் இதழ், தெருவில் போகிற பெண்களைக் கேட்காமல் எடுத்த படங்களைப் போட்டு, லெக்கின்ஸ் ஆபாசம் என்று அட்டைக்கட்டுரை எழுதியது. பெண்கள் கொதித்தெழுந்தார்கள். 2016 ஜனவரியில் கோயிலுக்குச் சேலை, தாவணி, மேல்துணியோடு சுடிதார்தான் வேண்டும், லெக்கின்ஸ் கூடாது என்று உயர் நீதிமன்ற உத்தரவு அமலுக்கு வந்தது, பிறகு நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த லெக்கின்ஸ் துணி பின்னலாடை. நம் ஊரிலேயே மெஷினில் ஓடியிருக்கும், பவர்டேபிளில் ஏறியிருக்கும். தைத்தவள் ஒரு பெண், அவளுக்குக் கைமடியாக நின்றதும் ஒரு பெண். மெர்ச்சண்டைசராக நான் பாஸ் பண்ணிய பீஸ்கூட அதில் இருக்கலாம்.

அந்தத் தைத்த பெண்ணைப் பற்றி மூத்த மாணவர் பேசவில்லை. நாமும் பேசுவதில்லை. திண்டுக்கல், தேனி, தெற்கத்திச் சீமைகளிலிருந்து பதினாறு பதினேழு வயதுப் பெண்களைக் கூட்டிவந்து, மில் ஹாஸ்டலில் தங்கவைத்து, மூன்று வருஷம் முடிந்தால் மொத்தமாக ஒரு தொகை என்ற ஏற்பாடு தொண்ணூறுகளிலிருந்து கோவை, திருப்பூர் வட்டாரத்தில் பரவியது. அதற்கு வைத்த பேர் சுமங்கலித் திட்டம். கல்யாணச் செலவுக்கு என்று சொல்லித்தான் அழைத்தார்கள். நடுவில் உடம்பு முடியாமல் போனவர்கள் பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை. உலகம் பூராவும் கேள்வி எழுந்த பிறகு பேர் மாறியது. ஒரு பெண்ணின் மூன்று வருஷத்துக்குத் தூண்டில் இரையாக இருந்தது கூறைச் சேலையும் தாலியும். பெண்ணின் மானத்தைப் பற்றிப் பேசுகிற மேடைகளில் இந்தப் பேச்சை நான் கேட்டதே இல்லை.

இன்றைய மாணவர்களுக்கு ஒன்று. தோள்சீலைக் கலகம் ஒன்பதாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு பாடத்தின் பகுதியாக இருந்தது. 2016 டிசம்பரில் சி.பி.எஸ்.இ. அந்தப் பகுதியைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. எனவே பள்ளியில் அதைப் படிக்காமலேயே உங்களில் சிலர் வந்திருக்கலாம். காஸ்ட்யூம் ஹிஸ்டரி தாளுக்குக் கிரேக்கச் சீலையும் ரோமானியச் சீலையும் வரைந்து மனப்பாடம் செய்கிறீர்கள், நாங்களும் செய்தோம். நாகர்கோவிலுக்கு இங்கிருந்து ஒரு ராத்திரிப் பயணம்தான். ஒரு முறை போய் வாருங்கள்.

அம்முச்சியின் கூறைச் சேலை இப்போது என்னிடம் இருக்கிறது. அரக்கு நிறம், கைத்தறி நூல். மடிப்பு ஓரங்களில் இழை விட்டுவிட்டது. அக்கா மகள் கல்யாணத்துக்கு முன்னால் அதை எடுத்துக் காட்டினேன். விரித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு பிளவுஸ் பிட் எங்க சித்தி?" என்று கேட்டாள்.